லிஸ்ட் எப்போது போடுவீர்கள்? குமரி மாவட்டக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், சேர்க்கைக் குழுவில் இருக்கிற பேராசிரியர்களுக்கும், நிர்வாகத்தைக் கவனிக்கிற ஃபாதர், சிஸ்டர், செயலர், தாளாளர் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கருங்கல் பக்கத்தில் ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஸ்கேன், லேமினேஷன், கரண்ட் பில், பான் கார்டு என்று வருஷம் ஓடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மற்றதெல்லாம் ஓரமாகப் போய்விடும், அப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் கல்லூரி விண்ணப்பம்தான். உங்கள் மேஜைக்கு வருகிற விண்ணப்பங்களில் கொஞ்சமாவது என் கடை வழியாக வந்திருக்கும். அது உங்களிடம் வந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற வீடுகளில் என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர்கள் உங்களுக்குப் போன் பண்ணிப் பதில் கிடைக்காதபோது என் கடைக்குத்தான் வந்து நிற்கிறார்கள்.

யாருக்கும் சீட்டுக் கேட்டு இதை எழுதவில்லை. லிஸ்ட் என்றைக்குப் போடுவீர்கள், காத்திருக்கிற பிள்ளை எத்தனாவது இடத்தில் இருக்கிறது, கிடைக்காத பிள்ளைக்கு அதை எப்போது சொல்வீர்கள், இதையெல்லாம் தயவுசெய்து வெளியே சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

படிப்பின் அருமையை இந்த மாவட்டத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலாவது நின்ற மாவட்டம். நாகர்கோவிலில் 1893-லிருந்தே ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. மார்த்தாண்டம், அகஸ்தீஸ்வரம், சுங்கான்கடை, தூத்தூர் என்று பஸ் போகிற திசையெல்லாம் கல்லூரி. வீட்டில் சம்பாதிக்கிறவர் ரப்பர் பால் வெட்டுகிறவரோ மீன்பிடி போட்டில் வேலைக்குப் போகிறவரோ, பிள்ளை டிகிரி முடிக்க வேண்டும் என்பதில் மறுபேச்சு கிடையாது. அதனால்தான் மே, ஜூன் மாதத்தில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, துட்டி வீட்டுக்குப் போனாலும் சரி, முதல் கேள்வி "பிள்ளைக்கு எங்க கிடைச்சு?" என்பதுதான். "இன்னும் ஒண்ணும் தெரியல்ல" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும்.

பொறியியல் கலந்தாய்வைப் பாருங்கள். அதில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கடைசி நாளில் சைட் திணறும், ஓ.டி.பி. அப்பாவின் நம்பருக்குப் போகும், அப்பா மஸ்கட்டில் வேலையில் இருப்பார், அவர் போனைப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குள் நேரம் முடிந்துபோயிருக்கும், மறுபடியும் முதலிலிருந்து. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் தேதி தெரிந்து காத்திருக்கிறார்கள். 2025-இல் மே 7-ஆம் தேதி விண்ணப்பம் திறந்தது, ஜூன் 27-இல் தரவரிசைப் பட்டியல் வந்தது, ஜூலையில் கலந்தாய்வு தொடங்கியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50, ஆக 200-க்கு தன் கட்ஆஃப் என்ன என்று பிள்ளையே கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டு பேருக்கு ஒரே கட்ஆஃப் என்றால் எந்தப் பாட மதிப்பெண்ணை முதலில் பார்ப்பார்கள், எல்லாமே சமமாக இருந்தால் ரேண்டம் எண் யாருக்குப் பெரியதோ அவர் முன்னால் என்பது வரைக்கும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். பொதுவில் என்ன ரேங்க், தன் சமூகப் பிரிவில் என்ன ரேங்க் என்பது கையில் இருக்கிறது. நாகர்கோவில் கோணத்தில் இருக்கிற பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் போன வருஷம் எந்தப் பாடம் எந்த மார்க்கில் முடிந்தது என்பதும் பார்க்கக் கிடைக்கிறது. இடம் ஒதுக்கிய பிறகும் "இதை ஏற்கிறேன், ஆனால் மேலே கேட்டது கிடைத்தால் அங்கே போகிறேன்" என்று சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். 2018-க்கு முன்னால் இதற்காகவே ராத்திரி ரயிலேறி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், பெரிய திரையில் காலியிடம் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தபடி அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்திருந்த காலம் உண்டு. அலைச்சல்தான், ஆனால் அன்றைக்கும் காலியிடம் கண்ணுக்குத் தெரிந்தது.

அரசு கலைக் கல்லூரிகளிலும் அப்படித்தான். ஒரே இணையதளம், ஒரே விண்ணப்பம், தரவரிசை, இன்ன தேதியில் சிறப்புப் பிரிவு, இன்ன தேதியில் பொதுக் கலந்தாய்வு.

இனி உங்கள் கல்லூரிகளுக்கு வருகிறேன். எந்தக் கல்லூரி என்று பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கீழே சொல்வது ஒரு கல்லூரியின் வழக்கம் மட்டும் இல்லை.

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள், பி.காம். படிக்க ஆசை, 600-க்கு 500 தாண்டிய மார்க். நாலைந்து கல்லூரிக்குத் தனித்தனியாகப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், ஒரு கல்லூரிக்குப் போட்டோ 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும், இன்னொன்றுக்கு நீல நிறப் பின்னணி வேண்டும், மூன்றாவதற்கு ஆன்லைனில் போட்டுவிட்டு அதையே பிரிண்ட் எடுத்து நேரிலும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சரி, அதெல்லாம் எங்கள் தொழில், செய்கிறோம். பிறகுதான் காத்திருப்பு தொடங்கியது. போன் பண்ணினால் "லிஸ்ட் வரும், வெப்சைட்டைப் பாருங்க" என்று பதில். வெப்சைட்டில் போன வருஷத்துச் சேர்க்கை அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் யாரோ ஒருவர் அந்தக் கல்லூரி நோட்டீஸ் போர்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார், அது சுற்றிச் சுற்றி என் கடைக்கு வந்தது. கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த தாள், அதன்மேல் படம் எடுத்தவரின் கையும் போனும் நிழலாக விழுந்து, நடுவில் ஏழெட்டுப் பெயர் தெரியவே இல்லை. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, தெரியாத அந்த ஏழெட்டுப் பெயரில் தன் பெயர் இருக்குமோ என்று பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் பஸ் ஏறி நேரில் போனார்கள். பெயர் இல்லை. "வெயிட்டிங்ல இருக்கு, கூப்பிடுவோம்" என்றார்களாம். எத்தனாவது என்று கேட்டதற்கு "அதெல்லாம் சொல்ல முடியாதும்மா."

அம்மா மீன் விற்கிறவர். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். அடித்தால் கூடையை இறக்கி, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, கவரைப் பிரித்து எடுப்பதற்குள் நின்றுவிடும். திருப்பிக் கூப்பிட்டால் பர்சனல் லோன் வேண்டுமா என்று ஒரு குரல். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட அவர் போனை சைலண்டில் போடவில்லை, அது பிரசங்கத்தின் நடுவில் அடித்து ஊரே திரும்பிப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார். அதுவும் லோன்காரன்தான்.

இங்கே ஒரு விஷயம் உங்கள் கவனத்துக்கு. மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும், அதில் வேலைக்குப் போகிற அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். அரசு தருகிற தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய், அது சாப்பாட்டுக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். கிழக்கே சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. மலையோரத்துக்குப் போனால் குலசேகரம், கடையாலுமூடு, அருமனை பக்கம் ஜூன் மழை பிடித்துவிட்டால் பால்வெட்டு நின்றுபோகும், வெட்டு இல்லாத நாளில் கூலி கிடையாது. அதாவது இந்த மாவட்டத்தில் கடலும் மலையும் சேர்ந்து கையை விரிக்கிற மாதங்களில்தான் நீங்கள் ஃபீஸ் கேட்கிறீர்கள். மழையையும் தடைக்காலத்தையும் நீங்கள் மாற்ற முடியாது, தெரியும். ஆனால் பணம் இல்லாத வீட்டில் பணத்தை எந்தக் கல்லூரிக்கு வைப்பது என்று முடிவெடுக்கத் தகவலாவது வேண்டுமல்லவா?

அந்தப் பெண்ணுக்கு வேறொரு கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் இடம் இருப்பதாகப் போன் வந்தது. மூன்று நாளில் கட்டாவிட்டால் இடம் போய்விடும். கழுத்தில் கிடந்ததை வங்கியில் வைத்துக் கட்டினார்கள், டி.சி.யையும் ஒரிஜினல் மார்க் லிஸ்டையும் கொடுத்தார்கள். அது முடிந்து கொஞ்ச நாளில் முதல் கல்லூரியிலிருந்து போன்: நாளை பதினோரு மணிக்குள் டி.சி.யோடு வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆள். இவர்கள் இரண்டாவது கல்லூரிக்கு ஓடினார்கள். கட்டின பணம் திரும்பக் கிடைக்காது, டி.சி. வேண்டுமானால் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், நிர்வாகத்தில் கேட்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். கதை அங்கேயே முடிந்தது. அவள் அந்த இரண்டாவது கல்லூரியிலேயே படிக்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள், அதை நான் குறை சொல்லவில்லை. காத்திருப்பில் நீ மூன்றாவது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த நகை வங்கிக்குப் போயிருக்காது. நீ முந்நூறாவது என்று சொல்லியிருந்தால் இரண்டாவது கல்லூரியில் நிம்மதியாகச் சேர்ந்துவிட்டு அவள் அம்மா போனை சைலண்டில் போட்டிருப்பார். இரண்டில் எது உண்மையோ அது உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது.

பணம், டி.சி. இரண்டைப் பற்றியும் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற பெற்றோருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி மார்க் லிஸ்ட், பள்ளி விடுப்புச் சான்று போன்ற ஒரிஜினல்களைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சுயசான்றிட்ட நகலை வைத்துக்கொண்டால் போதும். பணத்துக்கும் கணக்கு இருக்கிறது: அறிவித்த கடைசிச் சேர்க்கை நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுப்பணம் (அதில் கழிக்கலாம் என்றாலும் 5 சதவீதம், மிஞ்சினால் 5000 ரூபாய்), அதற்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பிறகு 15 நாளுக்குள் 80, ஒரு மாதத்துக்குள் 50. 2024-25-க்கு அதையும் தளர்த்தி, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப்பணத்தையும், அக்டோபர் 31 வரை விலகினால் 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இந்த விதிகளை எந்தக் கல்லூரி வாசலிலாவது தமிழில் எழுதி ஒட்டியிருந்து நான் பார்த்ததில்லை. "எக்காரணம் கொண்டும் கட்டணம் திரும்பத் தரப்பட மாட்டாது" என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஆள் பிடிப்பது. என் கடையில் மே, ஜூனில் அதிகம் காதில் விழுகிற கேள்வி, "அண்ணா, அங்க யாரைப் பிடிக்கணும்?" மார்க் என்ன, கட்ஆஃப் என்ன என்று கேட்பவர்களைவிட இதைக் கேட்பவர்கள் அதிகம். பங்குத்தந்தையிடம் கடிதம், ஜமாஅத் தலைவரிடம் கடிதம், கவுன்சிலரிடம் கடிதம், எம்.எல்.ஏ. ஆபீஸ் கடிதம், எல்லாவற்றையும் என் கடையில்தான் கலர் ஜெராக்ஸ் எடுப்பார்கள். ஒரே பையனுக்கு மூன்று கட்சிக்காரர் கொடுத்த சிபாரிசுக் கடிதம் ஒரே கோப்பில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதங்களால் யாருக்காவது சீட்டுக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. கிடைக்கவே இல்லை என்றும்கூட இருக்கலாம், நீங்கள் அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்த்திருக்கலாம். ஆனால் லிஸ்ட் கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் ஊர் அதை நம்பாது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்து நம் பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பத்து மார்க் அதிகம் என்று தெரியாதவரைக்கும், அவன் யாரையோ பிடித்தான், எவ்வளவோ கொடுத்தான் என்றுதான் பேச்சு. நன்கொடை வாங்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. வாங்காத கல்லூரியும் வாங்குகிற கல்லூரியும் ஊர்வாயில் ஒன்றாகிவிடுவது யாருக்கு நஷ்டம்? ஒழுங்காக நடத்துகிறவர்களுக்குத்தான்.

சாமிகளையும் விட்டுவைப்பதில்லை. கோட்டாறு சவேரியார் கோவிலில் மெழுகுதிரி, ஞாயிற்றுக்கிழமை நாகராஜா கோவிலில் பால், தக்கலை பீரப்பாவுக்கு நேர்ச்சை. அவர்களிடமும் லிஸ்ட் தேதி இல்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் யோசித்துப் பார்த்தேன், உங்களில் இரண்டு மூன்று பேராசிரியர்கள் என் வாடிக்கையாளர்கள்தான், பேசியும் இருக்கிறேன். முதலாவது, "நாங்கள் முதல் லிஸ்டில் எடுக்கிற பாதிப் பிள்ளைகள் சேருவதே இல்லை. நாலு கல்லூரிக்குப் போட்டிருக்கிறார்கள், எது எப்போது கிடைக்கும் என்று பார்த்துக் கடைசி நிமிஷத்தில் ஓடிவிடுகிறார்கள், எங்களுக்கு இடம் காலி." நியாயம்தான். ஆனால் அவர்கள் ஏன் நாலு கல்லூரிக்குப் போடுகிறார்கள்? எதில் கிடைக்கும் என்று ஊகிக்கக்கூட ஒரு துப்பும் இல்லாததால். போன வருஷம் பி.காம்.-க்குக் கடைசியாக உள்ளே வந்த பிள்ளையின் மார்க் என்ன என்று பிரிவு வாரியாகப் போட்டுவிட்டால், தேறாத இடத்துக்கு யாரும் விண்ணப்பக் காசு கட்டமாட்டார்கள், உங்களுக்கும் கோப்பு குறையும். (விண்ணப்பக் காசு குறையும் என்பதும் உண்மைதான். அது ஒரு காரணமாக இருக்காது என்று நம்புகிறேன்.)

இரண்டாவது, "பொறியியலும் மருத்துவமும் முடியாமல் நாங்கள் எப்படித் தேதி சொல்வது?" இதுவும் பாதி சரி. 2024-இல் நீட் மே 5-இல் நடந்து, ஜூன் 4-இல் முடிவு வந்து, வழக்கும் வம்புமாக இழுத்து, திருத்திய முடிவு ஜூலை 26-இல்தான் வந்தது, கலந்தாய்வு ஆகஸ்டுக்குப் போயிற்று. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தால் அது விட்டுப்போகிற பொறியியல் இடத்துக்கு இன்னொன்று போகும், அது விட்டுப்போகிற பி.எஸ்சி. இடம் உங்களிடம் காலியாகும். சங்கிலி உங்கள் கையில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆகஸ்டில் காலியாகிற அந்த இடத்துக்கு யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அங்கேதான் காத்திருப்புப் பட்டியல் எண் வேண்டும். பதினொன்றாவது பிள்ளையைக் கூப்பிட்டால் பத்து பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். இப்போது நடப்பது, வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆன பிறகு யாரோ ஒரு புதுப் பிள்ளை வந்து உட்காரும், அது எப்படி வந்தது என்று வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கே தெரியாது.

மூன்றாவது, "சிறுபான்மை நிறுவனம், எங்களுக்கென்று உரிமை இருக்கிறது." இருக்கிறது, அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு கொடுத்த உரிமை, அதில் எனக்கு ஒரு வாதமும் இல்லை. உங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த இத்தனையையும் அதற்குள் யார் எத்தனாவது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். காத்திருக்கிறவர்களில் உங்கள் சமூகத்துப் பிள்ளைகளும்தானே இருக்கிறார்கள்? நான் மேலே சொன்ன பெண்ணின் அம்மா போன் அடித்தது பூசையில்தான். உதவிபெறும் பிரிவுகளில் ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். அரசிடம் கணிசமாக நிதி பெறுகிற கல்லூரிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஐ. போட்டு வாங்க முடிகிற ஒன்றை வாசலில் ஒட்டிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் தபால் செலவு மிச்சம்.

நாலாவதாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: ஆபீஸில் ஆள் இல்லை. இதை நான் நம்புகிறேன். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம், ஒன்றிரண்டு கிளார்க், ஓயாமல் அடிக்கிற போன், அதோடு பழைய மாணவர்களின் டி.சி., தேர்வுக் கட்டணம். அந்த அக்காமார் எரிந்து விழுவதை நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் போன்களில் முக்கால்வாசி "லிஸ்ட் எப்போ?" என்ற ஒரே கேள்விதான். தேதியைப் போட்டுவிட்டால் அந்தப் போன் நின்றுபோகும்.

பெயர், போன் நம்பரெல்லாம் லிஸ்டில் போட வேண்டாம். விண்ணப்ப எண், மார்க், சமூகப் பிரிவு போதும், பிள்ளைக்குத் தன் எண் தெரியும். பெண்பிள்ளைகளின் பெயரும் ஊரும் போட்ட லிஸ்டின் படம் எந்தெந்தக் குரூப்புக்கெல்லாம் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் நாளைக்கே நிறுத்திவிடுவீர்கள்.

அப்புறம், கிடைக்காது என்றால் கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். இதைத்தான் யாருமே செய்வதில்லை. கிடைத்தவர்களுக்குப் போன் போகிறது, கிடைக்காதவர்களுக்கு ஒன்றும் போவதில்லை, அவர்கள் ஜூலை முடியும் வரைக்கும் "கூப்பிடுவோம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். ஒரு பையன் கோணம் அரசு பாலிடெக்னிக்கில் போடலாம் என்று நான் சொல்லியும் போடாமல் இருந்தான், அவன் அப்பாவுக்கு, விண்ணப்பம் போட்டிருந்த கலைக் கல்லூரியில் கிடைத்துவிடும் என்று நம்பிக்கை, யாரோ நம்பிக்கை கொடுத்திருந்தார்கள். கடைசியில் இரண்டும் போயிற்று, அந்த வருஷம் அவன் மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடையில் நின்றான். இல்லை என்று ஒரு வரி எஸ்.எம்.எஸ். ஜூன் மாதமே வந்திருந்தால் அவன் அப்பா ஒருநாள் கோபப்பட்டிருப்பார், மறுநாள் பாலிடெக்னிக்குக்கு பஸ் ஏறியிருப்பார்.

உங்களில் பெரும்பாலானவர்கள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறீர்கள், கூட்டங்களில் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள். ஒரே விண்ணப்பம், ஒரே கலந்தாய்வு என்று பெரிதாக நான் கேட்கவில்லை, அது உங்கள் தனித்தன்மை, நிர்வாகம், வழக்கு என்று பத்து வருஷம் இழுக்கும். முதல் லிஸ்ட் எல்லாரும் ஒரே நாளில் போடுவது, அதற்குப் பிறகு பணம் கட்ட ஒரு வாரமாவது கொடுப்பது, இவ்வளவை ஒரு சாயாவைக் குடித்துக்கொண்டே பேசி முடித்துவிடலாம். ஒரே நாளில் எல்லா லிஸ்டும் வந்தால் பிள்ளைகளின் வீட்டார் கையில் நாலு பதிலையும் வைத்துக்கொண்டு ஒரு முடிவு எடுப்பார்கள், நீங்கள் சொல்கிற அந்தக் கடைசி நிமிஷ ஓட்டமும் குறையும்.

அடுத்த பிளஸ் டூ ரிசல்ட்டும் வழக்கம்போல மே மாதத்தில்தான் வரும். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஏ4 தாளில் விண்ணப்பம் முடிகிற நாள், முதல் லிஸ்ட் நாள், இரண்டாவது லிஸ்ட் நாள், காத்திருப்புப் பட்டியலை மூடுகிற நாள், போன வருஷத்துக் கடைசி மார்க், பணம் திரும்பக் கொடுக்கிற விதி, இவ்வளவையும் தமிழில் அடித்து வெப்சைட்டில் போட்டுவிட்டு, முடிந்தால் எனக்கும் அனுப்புங்கள். லேமினேட் பண்ணிக் கடை வாசலில் ஒட்டிவிடுகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கருங்கல் பக்கத்தில் நெட் சென்டர் வைத்திருக்கிற ஒருவன்